சவரக் கத்திக்கு ஒரு தீட்டுப் பலகை

தமிழ்நாட்டை விட்டு வெளி மாநிலங்களில் குடியேறிய குடும்பங்களின் பழைய பெட்டிகளைக் குடைந்து பார்த்தால், பித்தளைக் கூஜாவுக்கும் வெற்றிலைப் பெட்டிக்கும் அடியில், அட்டைக் கூட்டுக்குள் ஒரு மடக்குச் சவரக் கத்தி கிடப்பதுண்டு. பாட்டனார் நாள்தோறும் முகம் மழித்த கத்தி அது. கொம்புப் பிடியின் பளபளப்பு இன்னும் மங்கியிராது. அலகின் கழுத்தில் ஷெப்பீல்டு என்றோ ஸோலிங்கன் என்றோ ஊர்ப் பெயர் பொறித்திருக்கும். வாய் மட்டும் மழுங்கிப் போயிருக்கும். அதை மீண்டும் உபயோகத்துக்குக் கொண்டுவர விரும்புகிறவர், பெரும்பாலும் தெருவில் சைக்கிளில் சக்கரம் பூட்டிக்கொண்டு வரும் சாணை பிடிப்பவரிடம் அதைக் கொடுத்துவிடுகிறார். அங்கேயே அந்தக் கத்தியின் ஆயுள் முடிந்துவிடுகிறது.

சாணை பிடிப்பவரின் தொழிலில் குறை காண நாம் முற்படவில்லை. காய்கறிக் கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் அவருடைய சக்கரம் ஏற்றதே. ஆனால் சவரக் கத்தியின் அலகு வேறு வகைப்பட்டது. முதுகில் கனத்து, நடுவில் இருபுறமும் குழிந்து, வாயை நெருங்க நெருங்கக் காகிதம்போல் மெலிந்து செல்வது அது. சுழலும் கல்லில் அதை வைத்த கணத்திலேயே பொறி பறக்கிறது. அந்த மெல்லிய விளிம்புக்குச் சூட்டை உள்வாங்கும் கனம் இல்லை. சவரக் கத்திக்குரிய எஃகில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு கரி உண்டு. அதைக் காய்ச்சி, நீரிலோ எண்ணெயிலோ தோய்த்து, பிறகு 200 பாகை சென்டிகிரேடுக்குச் சற்று மேலே மிதமாகச் சூடேற்றிப் பதப்படுத்தியிருப்பார்கள். அந்த அளவை மீறிச் சூடு ஏறினால் எஃகின் மேல் முதலில் வைக்கோல் நிறமும், பிறகு பழுப்பும், 300 பாகையை ஒட்டி நீலமும் படர்கின்றன. நீலம் தோன்றிய இடத்தில் கடினம் போய்விட்டது என்று பொருள். அதன்பின் எத்தனை முறை தீட்டினாலும் அவ்விடத்தில் கூர் நிற்பதில்லை.

முற்காலத்தில் இத்தொல்லை இல்லை. ஊர் நாவிதரின் அடைப்பத்தில் கத்தியோடு உள்ளங்கையளவு கல்லும் தோல்வாரும் எப்போதும் இருந்தன. அவரிடம் கொடுத்தால் கத்தி கூராகித் திரும்பும். வடக்கே இக்கத்தியை உஸ்தரா என்பர். கல்லைச் சில்லி என்றும் வாரைச் சமோட்டா என்றும் வழங்குவர். மராத்தியில் வஸ்தரா, வங்காளத்தில் குர். பெயர்கள் நிலைத்திருக்க, பொருள்களோ கடைகளிலிருந்து மறைந்துவிட்டன. 1986-ல் சென்னையில் எச்.ஐ.வி. கிருமி இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பின்னர், சவரக் கடைகளில் ஒருவர்க்குப் பயன்படுத்திய கத்தியை மற்றொருவர்க்குப் பயன்படுத்துவது ஆபத்து என்ற விழிப்பு நாடெங்கும் பரவியது. இன்று கடைகளில் நாம் காண்பது, பாதியாக முறித்த பிளேடைச் செருகி ஒரு முறை பயன்படுத்தி எறியும் கத்தியே. அந்த மாற்றம் நன்மையே. ஆயினும் அதன் விளைவாக, பழைய கத்தியைத் தீட்டத் தெரிந்த கை தெருவுக்கு ஒன்றுகூட இல்லாமற் போயிற்று. ஆகவே கத்தி உடையவரே அக்கலையைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கற்றுக்கொள்ள முற்படுகிறவர்கள் பெரும்பாலும் கல்லைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். எந்த நாட்டுக் கல், எத்தனை எண் என்று விசாரித்து நிறையப் பணம் செலவிடுகிறார்கள். நம்முடைய அபிப்பிராயத்தில் முதற்கவனம் பெறவேண்டியது கல்லுக்கு அடியில் இருக்கும் பலகை. அது ஏன் என்பதைச் சற்று விளக்குவோம்.

சவரக் கத்தியைக் கல்லின்மேல் படுக்கையாக வைத்தால் இரண்டு இடங்களில் மட்டும் அது கல்லைத் தொடுகிறது: ஒன்று முதுகு, மற்றொன்று வாய். நடுப்பகுதி குழிந்திருப்பதால் கல்லில் படுவதில்லை. இவ்வமைப்பால், எந்தக் கோணத்தில் தீட்டவேண்டும் என்பதை நம் கை தீர்மானிக்க வேண்டுவதில்லை. முதுகின் கனமே தீர்மானித்துவிடுகிறது. 16 மில்லிமீட்டர் அகலமும் முதுகில் 4½ மில்லிமீட்டர் கனமும் உள்ள ஒரு கத்தியை எடுத்துக்கொள்வோம். அதன் இரு பக்கங்களும் வாயில் கூடும் கோணம் ஏறக்குறைய 16 பாகை; பக்கத்துக்கு 8 பாகை. தீட்டும்போது கல் ஆடியோ பலகை நெளிந்தோ முதுகு ஒரே ஒரு மில்லிமீட்டர் எழும்பிவிட்டால், அந்தப் பக்கத்தின் கோணம் 8 பாகையிலிருந்து 11½ பாகைக்கு மேல் போய்விடுகிறது. அரை மணி நேரம் பொறுமையாகத் தீட்டிப் பெற்ற கூர் அந்த ஓர் இழுப்பில் மடிந்துவிடும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. மறுநாள் காலையில் கன்னத்துக்குத்தான் தெரியும்.

நாவிதர் கல்லை உள்ளங்கையில் ஏந்தித் தீட்டினாரே என்று கேட்கலாம். சிறுவயது முதல் தந்தையிடம் பயின்று, நாளொன்றுக்குப் பலமுறை தீட்டிப் பழகிய கை அது. கல் எவ்வளவு அசைந்தாலும் கத்தியும் அதே அளவு அசைந்து ஈடுகொடுக்கும். நமக்கு அந்தக் கை இல்லை. கையில் இல்லாத உறுதியைப் பலகையில் தேடிக்கொள்வதே வழி. அரிவாள்மணையில் கத்தியை அசையாமல் நிறுத்திக் காயை நகர்த்துகிறோம் அல்லவா? இங்கே கல்லை அசையாமல் நிறுத்திக் கத்தியை நகர்த்துகிறோம். மணை ஆடினால் விரல் போகும். பலகை ஆடினால் வாய் போகும்.

இனிப் பலகை செய்யும் முறைக்கு வருவோம். வாடகை வீட்டில் இருப்போர்க்கும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றலாகி ஊர் ஊராகச் செல்வோர்க்கும் உகந்ததாக, சுவரிலோ மேசையிலோ ஆணி அடிக்காமல் வைத்து எடுக்கக்கூடிய அமைப்பையே இங்கே விவரிக்கிறோம்.

அடிப்பலகைக்கு 19 மி.மீ. கனமுள்ள பிளைவுட் வேண்டும். சாதாரண வகை கூடாது. நீர் பட்டால் அடுக்குகள் பிரிந்துவிடும். மரைன் பிளைவுட் என்று கேட்டு, தகட்டின்மேல் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நலம். முழுத் தகடு வாங்க வேண்டியதில்லை. அலமாரி செய்யும் தச்சர்களிடம் வெட்டி மிஞ்சிய துண்டுகள் மலிவாகக் கிடைக்கும். தில்லியில் இருப்போர் கீர்த்தி நகர் மரக்கடைகளில் இத்தகைய துண்டுகளை விசாரிக்கலாம். தேக்குப் பலகையும் நல்லதே. ஆனால் ஒரே பலகையாக 8 அங்குல அகலத்தில் நன்றாக உலர்ந்த தேக்கு கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை ஏறும். அடுக்குகளின் நார்கள் மாறிமாறிக் குறுக்கே ஓடுவதால் பிளைவுட் எளிதில் நெளியாது என்பது அதன் தனிச் சிறப்பு.

பலகையின் அளவு 24 அங்குல நீளம், 8 அங்குல அகலம். வாங்கும்போதே ஓர் எஃகு அளவுகோலைப் பலகையின்மேல் நிமிர்த்தி வைத்து, எதிர்ப்புறம் விளக்கொளி இருக்கும்படி பிடித்துப் பார்க்கவேண்டும். நீளவாட்டில் ஒருமுறை, அகலவாட்டில் ஒருமுறை, மூலைக்கு மூலை இருமுறை. அளவுகோலுக்கு அடியில் வெளிச்சம் கசிந்தால் வேறு துண்டு கேட்க வேண்டியதுதான். கடைக்காரர் முகம் சுளிப்பார், பொருட்படுத்த வேண்டாம்.

இப்பலகை நமக்கு எதிரே நீளவாட்டில் நீண்டிருக்குமாறு மேசைமேல் வைக்கப்படும். நம்மை நோக்கிய முனையின் அடிப்புறத்தில் ஓர் அங்குல உயரமுள்ள மரச்சட்டத்தை, அதாவது தச்சர்கள் ரீப்பர் என்று கூறும் துண்டை, குறுக்கே திருகிவிட்டால், அது மேசையின் விளிம்பில் கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும். முன்னே தள்ளும்போது பலகை நகராது. பின்னே இழுக்கும்போது நகராமலிருக்க, அடியில் மூலைகளிலும் நடுவிலும் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டிவிட்டால் போதும். தரையில் சம்மணமிட்டு அமர்ந்து செய்வோர்க்கு இந்தக் கொக்கிச் சட்டம் வேண்டாம். பலகையின் எதிர்முனையைச் சுவரில் முட்டவைத்துக்கொள்ளலாம்.

மேற்புறத்தில், வலக்கைப் பழக்கமுள்ளவர்கள் வலது ஓரத்தை ஒட்டியும், இடக்கைப் பழக்கமுள்ளவர்கள் இடது ஓரத்தை ஒட்டியும், இரண்டு ரீப்பர்களை நீளவாட்டில் திருகவேண்டும். இவற்றின் உயரம் முக்கால் அங்குலம். இரண்டுக்கும் இடையே 3½ அங்குல இடைவெளி. இது ஒரு வாய்க்கால்போல் அமையும். எதிர்முனையில் குறுக்கே ஒரு தடுப்புச் சட்டம். இந்த வாய்க்காலை ஓரத்தில் அமைப்பதற்குக் காரணம் உண்டு. கத்தியைப் பிடித்திருக்கும் கை எப்போதும் கல்லின் ஒரே பக்கத்திலேயே இருக்கிறது. அந்தக் கையின் முட்டிகளும் கத்தியின் பிடியும் பலகையில் இடிக்காமல் வெளியே தொங்கவேண்டும். நடுவில் அமைத்தால் முட்டி இடிக்கும். இடிக்காமலிருக்கக் கையைத் தூக்குவோம். தூக்கினால் முதுகு எழும்பும். மறுபுறம் எஞ்சிய இடத்தில் நீர்க்கிண்ணமும் துடைக்கும் துணியும் வைத்துக்கொள்ளலாம்.

வாய்க்காலில் மாறிமாறிப் பொருத்துவதற்கு இரண்டு கட்டைகள் தேவை. இரண்டும் 3 அங்குல அகலம். ஒவ்வொன்றும் 19 மி.மீ. பிளைவுட் துண்டுகள் இரண்டை ஒட்டிச் செய்தது, ஆகவே 38 மி.மீ. கனம். முதற்கட்டை 10 அங்குல நீளம். அது கல்லைத் தாங்குவது. இரண்டாவது 20 அங்குல நீளம். அது தோலைத் தாங்குவது. கட்டைக்கும் வாய்க்காலின் ஒரு பக்கச் சட்டத்துக்கும் இடையே எஞ்சும் அரை அங்குலத்தில், ஒரு முனையில் மெலிந்த நீண்ட மர ஆப்பைச் செருகி உள்ளங்கையால் தட்டினால் கட்டை இறுகிவிடும். வேலை முடிந்ததும் ஆப்பைத் தட்டி எடுத்துவிடலாம். இந்த ஆப்பை மட்டும் கடினமான மரத்தில் செய்துகொள்வது நல்லது; பிளைவுட் ஆப்பு விரைவில் சிராய் விட்டுப்போகும்.

கல் தாங்கும் கட்டையின்மேல், கல்லின் இரு முனைகளிலும் சிறு தடுப்புகள் வேண்டும். அவை கல்லின் உயரத்தில் பாதிக்கு மேற்படக் கூடாது. மேற்பட்டால் ஒருநாள் கத்தியின் வாய் அதில் மோதியே தீரும். கல்லுக்கு அடியில் ஈரத்துணி ஒன்றை மடிக்காமல் விரித்தால் கல் வழுக்காது. திருகாணிகள் எல்லாம் பித்தளையிலோ துருப்பிடிக்காத எஃகிலோ இருக்கட்டும். ஒட்டுவதற்கு நீர் தாங்கும் மரப்பசை. எல்லாம் முடிந்தபின், கல்லும் தோலும் படியும் இடங்கள் தவிர மற்ற இடங்களில், குறிப்பாக வெட்டிய ஓரங்களில், வார்னிஷ் இரண்டு பூச்சு. ஓரங்களின் வழியாகவே பிளைவுட் நீரைக் குடிக்கும்.

கல்லைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வாய் அடியோடு மழுங்கிய கத்திக்கு 1000 எண் நீர்க்கல்லில் தொடங்கி, 5000, 8000, இயன்றால் 12000 என்று ஏறவேண்டும். எண் ஏற ஏறக் கல்லின் துகள் சிறுக்கும்; 1000 எண்ணின் துகள் சுமார் 15 மைக்ரான், மிக நுண்ணிய கற்களில் ஓரிரண்டு மைக்ரான். ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் கரடும் நயமுமான இருமுகக் கல், உளிக்கும் அடுப்படிக் கத்திக்கும் உரியது. சவரக் கத்தியை அதன் அருகே கொண்டுபோகக் கூடாது.

எல்லாக் கற்களையும் வாங்க இயலாதவர்க்கு ஒரு சிக்கன வழி உண்டு. கண்ணாடிக் கடையில் 10 மி.மீ. கனமுள்ள கண்ணாடியை 9 அங்குலத்துக்கு 3 அங்குலமாக வெட்டி, ஓரங்களைத் தேய்த்து மழுக்கித் தரச் சொல்லவேண்டும். இன்றைய கண்ணாடி, உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டுச் செய்யப்படுவது. இங்கிலாந்தில் பில்கிங்டன் நிறுவனம் 1959-ல் அறிவித்த முறை அது. திரவத்தின் மேற்பரப்பில் தானே படிந்து உறைவதால், சாமானியர் வாங்கக்கூடிய பொருள்களில் இதைப்போல் சமதளமானது வேறில்லை. அதன்மேல் நீர் தெளித்து, நீர் தாங்கும் கருநிற உப்புத்தாளை ஒட்டவிட்டு 1000, 2000 என்று ஏறலாம். தாளின் முனைகளைக் கண்ணாடியின் விளிம்புக்கு அடியில் மடித்துவிட வேண்டும்; தாள் எழும்பினால் கத்தி அதைக் கிழித்துக்கொண்டு பாயும். இறுதிக்கு, 3 மைக்ரான், 1 மைக்ரான் அளவுகளில் கிடைக்கும் மெருகுப் படலத் தாள்களைப் பயன்படுத்தலாம். அதே கண்ணாடி, கற்கள் வாங்கியபின்னும் உதவும். கல் நாளடைவில் நடுவில் தேய்ந்து பள்ளமாகும். கல்லின்மேல் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடிட்டு, கண்ணாடிமேல் விரித்த 400 எண் உப்புத்தாளில் நீர்விட்டுத் தேய்த்து, கோடுகள் எல்லாம் ஒருசேர மறைந்தால் கல் சமமாயிற்று என்று அறியலாம்.

எஃகைப் பற்றி இவ்விடத்தில் ஒரு செய்தி. பாட்டனாரின் கத்தியில் ஷெப்பீல்டு என்று பொறித்திருப்பதைக் கண்டு எல்லாம் சீமைச் சரக்கு என்று எண்ணிவிடலாகாது. தென்னாட்டில் மூசையில் உருக்கிச் செய்த எஃகு, 1794-ல் பம்பாயிலிருந்து லண்டனுக்கு அனுப்பப்பட்டது. அடுத்த ஆண்டே ஜார்ஜ் பியர்ஸன் என்பவர் அதைப் பற்றி ராயல் சொசைட்டியில் கட்டுரை அளித்தார். வூட்ஸ் என்று அதற்கு ஆங்கிலேயர் இட்ட பெயர், கன்னட உக்கு, தமிழ் உருக்கு என்னும் சொற்களோடு உறவுடையது என்பர் அறிஞர். லண்டனில் கத்தியும் அறுவைக் கருவிகளும் செய்துவந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அந்த எஃகை மிக விரும்பிக் கையாண்டார். அவரும் மைக்கேல் பாரடேயும் சேர்ந்து 1820-ல் வெளியிட்ட எஃகுக் கலவை ஆராய்ச்சிக்கு அந்த இந்திய எஃகு ஒரு தூண்டுகோல். சேலம் வட்டாரத்து உலைகள் எப்போதோ அணைந்துவிட்டன.

அடுத்தது தோல். தோல் கத்தியைத் தீட்டுகிறது என்பதைவிட நேர்ப்படுத்துகிறது என்பதே பொருந்தும். ஒவ்வொரு முறை முகம் மழித்தபின்னும், மயிரின் எதிர்ப்பினால் நுண்ணிய விளிம்பு அங்கங்கே சாய்ந்துவிடுகிறது. தோலில் இழுக்கும்போது அது நிமிர்கிறது. ஈரத்தால் படிந்த மெல்லிய துருவும் அகல்கிறது. முறையாகத் தோலில் இழுத்துவந்தால், கல்லை இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை தொட்டால் போதும்.

குரோமியத்தில் பதனிட்ட தோல் மிருதுவாய் நெகிழும், அது வேண்டாம். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட, விறைப்பான எருமைத் தோலோ மாட்டுத் தோலோ 3 மி.மீ. கனத்தில் வேண்டும். கான்பூரிலும், மும்பையின் தாராவியிலும், கொல்கத்தாவை அடுத்த பந்தலாவிலும் தோல் வியாபாரிகளிடம் துண்டாகவே வாங்கலாம். ஊருக்கு வந்துபோகிறவர்கள் திண்டுக்கல், திருச்சிப் பக்கத்துத் தோலையும் நினைவில் கொள்க. ஆவாரம் பட்டையால் பதனிடும் முறைக்கு ஒரு காலத்தில் பெயர்பெற்றவை அவ்வூர்கள், ஈ.ஐ. என்ற பெயரில் அத்தோல் கடல் கடந்து சென்றது. ஒன்றும் கிடைக்காவிட்டால் அகலமான பழைய இடுப்பு வார் ஒன்று, அசல் தோலாக இருந்து, பூவேலை எதுவும் அழுத்தப்படாதிருந்தால் போதுமானது.

20 அங்குலக் கட்டையின் ஒரு முகத்தில் தோலையும், மறு முகத்தில் கித்தானையும் ஒட்டவேண்டும். கித்தான் கிடைக்காதவர்கள் பழைய ஜீன்ஸ் துணியை நன்றாகத் துவைத்து, கஞ்சி போகக் கசக்கி உலர்த்தி ஒட்டலாம். செருப்புத் தைப்பவர்கள் கையாளும் ரப்பர்ப் பசையைத் தோலின் அடிப்புறத்திலும் மரத்திலும் மெல்லியதாகத் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை உலரவிட்டு, ஒரு முனையிலிருந்து மெதுவாகப் படியவைத்துக்கொண்டே போகவேண்டும். தோலை இழுத்து ஒட்டக்கூடாது. இழுத்த தோல் பின்னர்ச் சுருங்கி ஓரங்களில் எழும்பும். மேலே முன்சொன்ன கண்ணாடியை வைத்து, அதன்மேல் அம்மிக்குழவியோ கோட்டாக் கல்லோ ஓர் இரவு பாரமாக இருக்கட்டும். தொங்கும் வாரைவிட இவ்வாறு பலகையில் ஒட்டிய தோலே புதியவர்க்கு நல்லது என்பது நம் கருத்து. தொங்கும் வார் இழுவை சற்றுத் தளர்ந்தாலும் வளைந்து, வாயை உருட்டிவிடும்.

கருவி ஆயத்தமாயிற்று. வைப்பதற்கு இடம்? அடுக்குமாடி வீடுகளில் மிகச் சிறந்த இடம் அடுப்படியின் கருங்கல் மேடையே. உறுதியானது, உயரம் சரியானது, குழாய் அருகில் இருக்கிறது. அடுப்படிக்கு உரியவரின் இசைவு பெற்றுக்கொண்டு, இரவுச் சமையல் முடிந்தபின் தொடங்கலாம்.

தீட்டும் முன் கத்தியைச் சோதிக்கவேண்டும். வாயில் மயிரிழை விரிசல் இருந்தாலோ, விளிம்பை ஒட்டிக் கரும்புள்ளிகளாகத் துரு ஆழப் பதிந்திருந்தாலோ, அதைக் காட்சிப்பொருளாக வைத்துக்கொள்வதே தகும். நலமாக இருந்தால், முதுகு தேயாமலிருக்க மின்கம்பிக்குச் சுற்றும் ஒட்டுநாடாவை முதுகின்மேல் ஒரு சுற்றாக ஒட்டி, கத்தியைக் கல்லில் படுக்கவைத்து, வாய் முன்னே செல்லுமாறு தள்ளவேண்டும். கல்லின் முனையில், முதுகைத் தூக்காமல், முதுகின்மேல் கத்தியைப் புரட்டி, மீண்டும் வாய் முன்னே வருமாறு நம் பக்கம் இழுக்கவேண்டும். கல்லின் அகலத்தைவிடக் கத்தி சற்று நீளமாதலால், அடியில் தொடங்கி நுனியில் முடியுமாறு சற்றுச் சாய்வாகச் செல்வது வழக்கம். அழுத்தம் கூடாது; அலகின் சொந்தக் கனமே போதும். 1000 எண் கல்லில் முன்கை மயிரை அடி முதல் நுனிவரை எல்லா இடத்திலும் ஒரேபோல் கத்தி வாங்கும்வரை நிறுத்தலாகாது. பலர் அவசரப்படுவது இங்கேதான். அடிக்கல்லில் ஆகாதது மேற்கல்லில் ஒருபோதும் ஆகாது. அதன்பின் 5000-ல் நாற்பது முறை, 8000-ல் முப்பது, 12000-ல் இருபது என்பது ஒரு மதிப்பு, எண்ணிக்கை வேதமன்று. கட்டைவிரலால் கூர் பார்க்கும் பழக்கத்தை மட்டும் அறவே விட்டுவிட வேண்டும். விரலும் கெடும், விளிம்பும் கெடும்.

தோலில் இழுப்பது இதற்கு நேர் மாறானது. அங்கே முதுகு முன்னே செல்ல, வாய் பின்னே தொடரவேண்டும். மாற்றி இழுத்தால் தோல் அறுந்துபோகும். முதலில் கித்தானில் இருபது, பிறகு தோலில் ஐம்பது என்று நாள்தோறும் மழிக்கும் முன் இழுத்துக்கொள்ளலாம். வேகம் வேண்டாம். திரைப்படத்தில் நாவிதர் படபடவென்று வாரில் அடிப்பது காட்சிக்காக.

குடியிருக்கும் ஊரின் தட்பவெப்பம் இக்கருவியை வெகுவாகப் பாதிக்கும். மும்பையிலும் கொல்கத்தாவிலும் மழைக்காலத்தில் ஓரிரவிலேயே கத்தியில் துரு படரும். தோலில் பூஞ்சணம் பூக்கும். கத்தியை நன்கு துடைத்து உலர்த்தி, தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி தடவி வைக்கவேண்டும். தேங்காய் எண்ணெய் நம் கைக்கு எட்டும் பொருள்தான்; ஆனால் நாளடைவில் பிசுபிசுத்துக் காறிப்போகும். தோல் கட்டையை மூடிய அலமாரியில் வைக்காமல் காற்றாட நிறுத்துவதே மேல். தில்லியிலோ எதிர்மாறான தொல்லை. கோடையின் வறட்சியில் மரம் சுருங்கும், ஆப்பு தளரும், தோல் விறைக்கும். உள்ளங்கையால் தோலை நாள்தோறும் சிலமுறை அழுத்தித் தேய்த்தால் கையின் சூடும் இயற்கை எண்ணெய்ப் பசையுமே அதற்கு உணவாகும். மும்பையில் செய்த பலகையைத் தில்லிக்குக் கொண்டுபோனால் முதல் ஓர் ஆண்டுக்குப் பருவந்தோறும் அளவுகோல் வைத்துச் சமதளத்தைச் சோதித்துக்கொள்வது அவசியம்.

ஒரே கத்தியைத் தந்தையும் மகனும் மாறிமாறிப் பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்கக்கூடும். கூடாது. கத்தியைச் சாராயக் கலவையால் துடைக்கலாம்; தோலையோ கித்தானையோ கிருமி நீக்கம் செய்ய வீட்டில் வழி இல்லை. கண்ணுக்குத் தெரியாத கீறலின் வழியே மஞ்சட்காமாலைக் கிருமிகளும் தொற்றக்கூடும். ஆகவே ஒருவர்க்கு ஒரு கத்தி, ஒரு தோல் கட்டை. கல்லும் அடிப்பலகையும் பொதுவாக இருக்கலாம். ஆயினும் கல்லில் தீட்டும் முன் கத்தியைச் சோப்பு நீரில் கழுவி, சாராயக் கலவையால் துடைத்துவிட வேண்டும். தோல் கட்டைகளின் பக்கவாட்டில் அவரவர் பெயரை எழுதிவைப்பது குழப்பத்தைத் தவிர்க்கும்.

சிறுவர் உள்ள வீட்டில் கத்தியைப் பூட்டிய பெட்டியில்தான் வைக்கவேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. விமானத்தில் ஊருக்கு வருவோர் இதைக் கைப்பையில் எடுத்துவர அனுமதியில்லை. சரக்கில் சேர்க்கும் பெட்டிக்குள் வைத்து அனுப்பவேண்டும். மாற்றலாகிச் சாமான் கட்டும்போது, இரண்டு கட்டைகளையும் அடிப்பலகைமேல் முகம் உள்ளே இருக்குமாறு சேர்த்துக் கட்டி, கற்களைத் தனித்தனியே துணியில் சுற்றி, ஆப்பை அவற்றோடு செருகிவிடலாம்.